பூட்டின் மேல் ஒரு குற்றச்சாட்டு

அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு லீ, 2006-ஆம் ஆண்டில் 'இழைகளால் வரும் சிக்கல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கும் மாணவர் யாவரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. ஆயினும் அதன் முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

இழை என்றால் என்ன? ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் நடைபெறும் வேலைத் தொடர்களில் ஒவ்வொன்றும் ஓர் இழையாகும். நினைவகம் எல்லா இழைகளுக்கும் பொது. தொல்லை தொடங்குவதும் அங்கேதான். நினைவகத்தில் 7 என்ற எண் இருப்பதாகவும், இரண்டு இழைகள் அதனுடன் ஒன்றைக் கூட்ட வருவதாகவும் வைத்துக் கொள்ளுங்கள். இரண்டுமே 7-ஐப் படித்து, இரண்டுமே 8 என்று எழுதிவிட்டுப் போகக்கூடும். 9 வர வேண்டிய இடத்தில் 8! இதைத் தடுக்கவே பூட்டு ஏற்பட்டது. பூட்டைப் பிடித்த இழை வேலையை முடித்து விடுவிக்கும் வரை மற்றது காத்து நிற்கும்.

பூட்டுகள் இரண்டானால் என்ன ஆகும்? ஓர் இழை முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்காக நிற்கிறது; மற்றோர் இழை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்காக நிற்கிறது. இலவு காத்த கிளிபோல இரண்டும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

லீயின் கட்டுரைக்கு வலுவூட்டுவது அவர் தம் குழுவின் அனுபவத்தையே சாட்சியாக வைப்பதாகும். 'டாலமி' என்னும் அவர்களுடைய மென்பொருளின் மையப் பகுதி 2000-இன் தொடக்கத்தில் எழுதப்பட்டது. வல்லுநர்கள் அதைச் சரிபார்த்தனர். சோதனைகள் ஒவ்வொரு வரியையும் தொட்டன. ஒவ்வோர் இரவும் இரண்டு செயலகங்கள் கொண்ட பொறியில் சோதனை நடந்தது. ஒரு குறையும் தென்படவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 ஏப்ரல் 26 அன்று, அது பூட்டுகளிடையே சிக்கி நின்றுவிட்டது!

இழைகள் எந்த வரிசையில் முந்தும், எப்போது குறுக்கிடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அத்தனை வாய்ப்புகளையும் சோதனையால் எட்டவும் முடியாது. ஆகவே குறை நிரல் எழுதுபவரின் கவனக்குறைவில் இல்லை, கருவியிலேயே இருக்கிறது என்கிறார் லீ. இது மறுக்க முடியாத வாதம்.

பூட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில் பிடித்தால் இந்தச் சிக்கல் வராதே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு செயல்கூறின் தலைப்பைப் பார்த்து, அது உள்ளே எந்தெந்தப் பூட்டைப் பிடிக்கும் என்று அறிய வழியில்லை. எனவே அந்த விதியைக் கடைப்பிடிப்பது மிகக் கடினம் என்பது அவர் விடை.

நாம் வேறுபடுவது இங்கேதான். அதே 2006-இல் லினக்ஸின் கருவில் 'லாக்டெப்' என்னும் காவல் கருவி சேர்க்கப்பட்டது. எந்தப் பூட்டைப் பிடித்திருக்கையில் எது பிடிக்கப்பட்டது என்பதை அது குறித்து வைக்கிறது. வரிசை ஒருமுறை மாறினாலும், உண்மையில் எதுவும் சிக்கிக் கொள்ளாத போதே எச்சரிக்கிறது. மனிதரால் காக்க முடியாத ஒழுங்கைப் பொறி காக்கிறது. ஓடாத பாதையை அது அறியாது என்பது உண்மையே. ஆனாலும் பெரும் உதவி.

முன்கூட்டி அறியத்தக்க பகுதிகளால் நிரலைக் கட்டி, தேவையான இடத்தில் மட்டும் நிச்சயமின்மையை அனுமதியுங்கள் என்பது லீயின் மாற்றுவழி. புதிதாகக் கட்டுவோருக்கு இது நல்ல அறிவுரை. ஏற்கெனவே பூட்டுகளால் கட்டப்பட்டு இயங்கிவரும் நிரல்களைப் பேணுவோருக்கு அவர் சொல்வது போதாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த முடியுமா?

எனினும் அவருடைய அச்சம் பொய்யல்ல. 2015-இல் முதற் பதிப்பு வெளியான 'ரஸ்ட்' மொழி, காப்பின்றிப் பொது நினைவகத்தில் எழுத முயலும் நிரலைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுகிறது. ஆனால் பூட்டுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதை அதுவும் தடுப்பதில்லை.

ஆகவே மாணவர்களே, உங்கள் நிரல் ஆயிரம் முறை சரியாக ஓடியது என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். எந்தப் பூட்டை எந்த வரிசையில் பிடிக்க வேண்டும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். பிறகு நிரல் எழுதத் தொடங்குங்கள்.