தட்டிக்குப் பின்னே உருளும் பகடை

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் தத்தம் பாத்திரமாகவே பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்கு எதிரே ஓர் அட்டைத் தட்டியை நிறுத்திக்கொண்டு, அந்தக் கற்பனை உலகின் அரக்கர், அரசர், வழிப்போக்கர், மழை, இடி ஆகிய மற்றெல்லாவற்றையும் தாம் ஒருவராகவே ஏற்று நடத்துகிறவருக்கு மேலை நாட்டு வழக்கில் கேம் மாஸ்டர் என்று பெயர். அவர் தட்டிக்கு அப்பால் இருபது முகப் பகடையை உருட்டுகிறார், இருபது விழுகிறது, அரக்கனின் கோடரி தப்பாமல் பாயும் என்பது அதன் பொருள். அவரோ ஒரு கணம் தயங்கி, 'தப்பிவிட்டது' என்கிறார். இச்செயலை 'ஃபட்ஜிங்' என்பர். நம்மவர்க்கு உடனே சகுனியின் ஞாபகம் வரும். ஆனால் சகுனிக்கு வெல்ல வேண்டிய ராஜ்யம் ஒன்று இருந்தது, இவருக்கோ வெல்வதற்கு ஒரு செப்புக் காசும் இல்லை. லாபமற்ற பொய் என்பதாலேயே இது விசாரணைக்கு உரிய பொருளாகிறது.

இவ்விவாதத்தின் வேர் பிரஷ்யப் படையில் இருக்கிறது. 1824இல் இளைய ராய்ஸ்விட்ஸ் என்னும் அதிகாரி வகுத்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டில், இரு தரப்புக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தர் இருந்து, சேதம் இன்னதென்று பகடையாலும் அட்டவணையாலும் தீர்மானிப்பார். கணக்கின் சுமை தாங்காது சலிப்பு மேலிட்ட காலத்தில், 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் தளபதி, அனுபவம் மிக்க அதிகாரியின் தீர்ப்பே போதும் என்று அட்டவணையையும் பகடையையும் ஒருங்கே விலக்கிவிட்டார். அவர் பகடையை ஒதுக்கினாரே அன்றி, உருட்டியதுபோல் பாவனை செய்யவில்லை. பிற்கால வாதங்கள் பலவற்றில் காணக் கிடைக்காத நேர்மை இது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆக்கிய 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திர விளையாட்டு 1974இல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து ஜட்ஜஸ் கில்டு என்ற நிறுவனம் அட்டைத் தட்டியை அச்சிட்டு விற்பனைக்குக் கொணர்ந்தது. அட்டவணைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளும் சௌகரியத்துக்கென வந்த பொருள், கூடவே ஓர் ஏகாந்தத்தையும் கொடுத்துவிட்டது. 1979இல் நடத்துநர்களுக்கென்று கைகாக்ஸ் எழுதிய நூலில், வேண்டும்போது பகடையைப் புறக்கணிக்கும் அதிகாரம் நடத்துநருக்கு உண்டு என்று துணிந்து சொல்லியிருக்கிறார். நல்ல சாகசத்துக்கு வாயிலாக நிற்கும் ரகசியக் கதவு அகப்பட வேண்டுமென்றால், எண் எதுவாயினும் அகப்படச் செய்யலாம் என்பது அவர் கருத்து. ஆயினும் மரணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் நிதானிக்கிறார். எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர், பகடையின் விபரீதம் ஒன்றாலேயே சாக நேர்ந்தால், உயிருக்குப் பதிலாக ஓர் அங்கமோ ஒரு கண்ணோ போயிற்று என்று தீர்ப்பளிக்கலாம். மூடத்தனத்தால் சாக நேர்ந்தாலோ, பகடை விழுந்தபடி விழட்டும். இது கருணைதான், ஆனால் விலை பெற்றுக்கொண்டு தரும் கருணை.

இதனோடு அதே விளையாட்டின் 2014ஆம் ஆண்டு நடத்துநர் நூலை ஒப்பிடுகிறவர், முப்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை உணராதிரார். அடுத்தடுத்து விழும் இரண்டு உச்ச அடிகளால் ஒரு பாத்திரம் மடியுமானால், இரண்டாவதைச் சாதாரண அடியாகவோ தப்பிய அடியாகவோ மாற்றிவிடலாம் என்று அது அனுமதிக்கிறது. அடிக்கடி செய்யாதீர், செய்வதை வெளிக்காட்டாதீர் என்றும் எச்சரிக்கிறது. அங்கே கேட்ட கண்ணும் கையும் இங்கே கேட்கப்படவில்லை. அந்த இடத்தில் மௌனம் வந்து அமர்ந்திருக்கிறது. இருபது முகப் பகடையில் உச்ச அடிக்குரிய இருபது இருமுறை தொடர்ந்து விழும் வாய்ப்பு நானூற்றில் ஒன்று. மாலைதோறும் எண்ணற்ற எறிதல்கள் நிகழும் மேசையில், ஆண்டுக்கணக்கில் நீளும் கதையில், அது வராதிருப்பதுதான் அதிசயம். ஆக, விபத்தென்று மறைக்கப்படுவது கணிதம் முன்பே சொல்லிவைத்த வரவு.

மறைக்காமலே இச்சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களும் உண்டு. 1983இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் விளையாட்டில் 'ஹீரோ' புள்ளிகளும், 1986இல் வந்த 'வார்ஹாமர்' பாத்திர விளையாட்டில் 'ஃபேட்' புள்ளிகளும் ஆட்டக்காரர் கையிலேயே எண்ணிக் கொடுக்கப்பட்டன. உயிர்ப்பிச்சை கேட்கத் தட்டியை நோக்க வேண்டியதில்லை, தம் மடியிலிருந்தே செலவழித்துக்கொள்ளலாம். 1991இல் எரிக் வூய்சிக் தம் 'ஆம்பர்' விளையாட்டிலிருந்து பகடையை அறவே நீக்கி, வெர்டியின் வழியை மீட்டார். என் மனத்துக்கு இசைந்தது வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' (2010). அதில் நடத்துநர் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் ஆறுமுகப் பகடை இரண்டை எல்லோரும் காண உருட்டுகிறார். பத்தும் அதற்கு மேலும் வெற்றி, ஏழு முதல் ஒன்பது வரை ஏதேனும் ஒன்றைக் கொடுத்துப் பெறும் வெற்றி, ஆறும் அதற்குக் கீழும் நடத்துநர் கைக்கு வந்த சந்தர்ப்பம். ஃபட்ஜிங் கூடாது என்று உபதேசிக்காமல், அதற்கு இடமே இல்லாமல் செய்த சாமர்த்தியம் இது.

டச்சு அறிஞர் ஹுய்ஸிங்கா 1938இல் விளையாட்டைப் பற்றி எழுதிய நூலில், ஆட்டத்தைக் கலைப்பவனைக் காட்டிலும் ஏமாற்றுகிறவனைச் சமூகம் எளிதில் பொறுத்துக்கொள்கிறது என்றார். ஏமாற்றுகிறவன் விதிகளை மதிப்பதாக நடிக்கவேனும் செய்கிறானே என்பது அதன் காரணம். நடத்துநரின் நடிப்போ இன்னும் நுட்பமானது, ஏனெனில் ஏமாறுகிறவர்களில் பலர் ஏமாறவே விரும்புகின்றனர். தம் மந்திரவாதி பிழைத்த விதத்தை விசாரிக்க அவர்களுக்கு ஆசையில்லை. ஆயினும் ஒருமுறை உண்மை கசிந்துவிட்டால், சென்ற ஆண்டு மயிரிழையில் வென்ற போரும் சந்தேகத்துக்குள்ளாகிறது. நடத்துநர் காப்பாற்றியது ஓர் உயிரைத்தான், பறிபோனவையோ பல வெற்றிகள். 'தப்பிவிட்டது' என்று சொல்ல நேர்ந்த நடத்துநர், பெரும்பாலும், தாம் ஏற்கச் சித்தமாயில்லாத விடையைப் பகடையிடம் கேட்டவராகவே இருப்பார். தயக்கம் எறிதலுக்கு முன்னே வந்திருக்க வேண்டும்.

சில மேசைகளில் ஒரு வழக்கம் உண்டு. கதை உச்சத்தை அடைந்து, ஒரே எறிதலில் எல்லாம் தீரப்போகும் தருணத்தில், நடத்துநர் தட்டியை மடித்து ஓரமாய் வைத்துவிட்டு, மேசையின் நடுவே எல்லோரும் பார்க்கப் பகடையை விடுகிறார். இருக்கையில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று, மூச்சை அடக்கி, அது உருண்டு நிற்பதைக் குனிந்து பார்க்கிறார்கள். அதற்கு முன் தட்டிக்குப் பின்னே உருண்டவற்றைப் பற்றி அப்போது ஒருவரும் கேட்பதில்லை.