முதுகு காட்டி நிற்கும் நெட்டையன்

2023இல் டென்வர் நக்கெற்ஸ் அணி என்.பி.ஏ. கிண்ணத்தை வென்ற நாளிலிருந்து எங்கள் பக்கத்துக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர்களுக்கு ஒரு புதுத் தெம்பு வந்திருக்கிறது. “போஸ்ட் ஆட்டம் செத்துப்போச்சு எண்டு சொன்னீங்கள், இப்ப யோக்கிச்சைப் பாருங்கோ” என்கிறார்கள். போஸ்ட் ஆட்டம் என்பது, நெட்டையன் வளையத்துக்குப் பக்கத்தில் அதற்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி ஆடுவது. யோக்கிச் அந்த டென்வர் அணியின் நெட்டையன். ஒரு பின்னேரம் பாடசாலைத் திடலோரம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் இதையே சொன்னார். அது போதாதென்று வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தையும் துணைக்கு அழைத்தார். “எங்கட ஈவினைப் பிள்ளை வளையத்துக்குக் கீழ நிண்டே ஆசியக் கிண்ணத்தைக் கொண்டு வரேல்லையே?”

இரண்டு சாட்சிகளும் பெரிய சாட்சிகள்தான். இரண்டு பேருமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு புள்ளி எறிகைகள் நூற்றில் 45 விழுந்தால் 90 புள்ளி. மூன்று புள்ளி எறிகைகள் நூற்றில் 35 விழுந்தாலே 105 புள்ளி. என்.பி.ஏ.யில் போஸ்ட் ஆட்டத்தை ஓரங்கட்டியது இந்தக் கணக்குத்தான். ஆனால் சோளகம் வீசும் திறந்த சீமெந்துத் தளத்தில், ஆடுகிற பலகையில், பதினைந்து வயதுப் பெடியன் கோட்டுக்கு வெளியே நின்று எறிவது நூற்றில் இருபது விழுந்தால் அதுவே பெரிய காரியம். அது வெறும் 60 புள்ளி. நெட்டையனிடம் பந்தைக் கொடுப்பது அங்கே புத்திசாலித்தனம். அவனை மறிக்கிறவன் ஐந்து தவறுகளோடு வெளியேறுவதும் கைமேல் கிடைக்கும் பலன். வலயமட்டப் போட்டியை வெல்ல இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தர்ஜினிக்கு வருவோம். 208 சென்ரிமீற்றர் உயரம். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது பந்து போய்ச் சேர்ந்த கை அவருடையது. ஆனால் அது வேறு ஆட்டம். வலைப்பந்தாட்டத்தில் எறிகிறவரிடமிருந்து மறிப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும், உடலில் சாயக்கூடாது. ஏழு பேரில் இருவருக்குத்தான் வளையத்தில் எறிய உரிமை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஒருவருக்குமே அனுமதியில்லை. உயரம் அங்கே சட்டத்தின் பாதுகாப்போடு நிற்கிறது. அவரை மறிக்கிறவர் முழங்கையை முதுகில் ஊன்றலாம், இடுப்பால் நெரிக்கலாம் என்றிருந்தால் கதை வேறு. போதாததற்கு, தர்ஜினியின் எறிகை பல ஆண்டுப் பயிற்சியில் விளைந்தது. ஒரு கைவினையை வெறும் உயரமாக்கிப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டச் சட்டமோ நெட்டையனை வளையத்திலிருந்து தள்ளித் தள்ளியே வளர்ந்தது. ஜோர்ஜ் மைக்கன் என்ற நெட்டையனுக்காக 1951இல், வளையத்தடியில் தாக்குகிறவன் நிலைத்து நிற்கக்கூடாத உள்கட்டத்தின் அகலம் ஆறடியிலிருந்து பன்னிரண்டடியானது. வில்ற் சேம்பர்லின் என்ற இன்னொரு நெட்டையன் வந்தபின் 1964இல் பதினாறடி. 1999இல், வளையத்துக்கு முதுகு காட்டி ஐந்து விநாடிக்கு மேல் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கவும் தடை வந்தது. 2001இல், ஆளை விட்டு இடத்தைக் காக்கும் வலயத் தடுப்பை அனுமதித்தார்கள். பந்து உள்ளே வருமுன்பே இரண்டாவது ஆள் வந்து நிற்கலாம் என்றாகியது. இத்தனைக்கும் பிறகு போஸ்டில் நிற்கிறவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய ஆயுதம், அங்கிருந்து திடலைப் பார்ப்பது.

யோக்கிச் பார்ப்பது அதைத்தான். 2024-25 பருவத்தில் சக வீரர்களின் புள்ளியாக மாறிய அவருடைய பாஸ்கள் ஆட்டத்துக்குச் சராசரி பத்துக்கு மேல். 211 சென்ரிமீற்றர் ஆள் செய்கிற வேலையா இது? அவர் போஸ்டில் பந்தை வாங்கியதும் மற்ற நால்வரும் ஓடத் தொடங்குகிறார்கள். எங்கள் திடலில் நெட்டையன் பந்தை வாங்கியதும் மற்ற நால்வரும் நின்றுவிடுகிறார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது சொல்லின் குற்றம்.

என் பழைய முறைப்பாட்டுக்கு இப்போது வருகிறேன். உள்ளே போன பந்து வெளியே வராது. அது தோல்விக்குக் காரணமாகிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் வெற்றிக்கே காரணமாகிறது. கெட்டுப்போவது அந்தப் பெடியன். பதினாலு வயதில் ஆறடியைத் தொட்டவனைக் கட்டத்தின் ஓரத்தில் நட்டுவிடுகிறார்கள். பந்து வரும், ஒருமுறை தட்டு, திரும்பு, போடு. வளையத்தைப் பார்த்தபடி பந்தைத் தட்டிக்கொண்டு அவன் நான்கு எட்டு வைத்தால் விசில். பதினைந்தடி தூரத்தில் எறிந்தால் ஏச்சு. மூன்று வருடம் வளையத்துக்கு முதுகு காட்டியே நிற்கிறான். பத்தொன்பது வயதில் ஆறடி ஓரங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். கொழும்பிலோ பல்கலைக்கழக அணியிலோ அந்த உயரத்தில் இருப்பவன் பந்தைக் கொண்டுவருகிற ஆள். இவனுக்குப் பந்தைக் கொண்டுவரத் தெரியாது. உள்ளே நிற்கவோ உயரம் போதாது. அத்தோடு அவன் ஆட்டம் முடிகிறது.

அவனோடு ஆடிய குள்ளப் பெடியன்களும் தப்புவதில்லை. பந்தை உயரத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே அவர்களுக்குத் தெரிந்த தாக்குதல். பந்தில்லாமல் வெட்டி ஓடுவது, ஒருவனுக்கு மறைப்புக் கொடுப்பது, மூலைக்கு விலகி இடம் திறப்பது எல்லாம் யூரியூப்பில் பார்க்கிற விஷயங்கள்.

உயரம் என்றதும் சத்நாம் சிங்கை நினைக்கிறேன். பஞ்சாப்பிலிருந்து போன ஏழடி இரண்டங்குல ஆள். 2015இல் புது வீரர்களுக்கான தெரிவில் டலஸ் அணி அவரை 52ஆவதாகத் தெரிவு செய்தபோது, என்.பி.ஏ. தெரிவில் இடம்பிடித்த முதல் இந்தியர் என்று கொண்டாடினோம். ஒரு என்.பி.ஏ. ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஒருவரை வைத்து எல்லோரையும் அளக்காதே என்பார்கள். சரி. ஆனால் முந்தின ஆண்டுத் தெரிவில் 41ஆவதாக வந்த யோக்கிச்சிடம் இருந்ததும் உயரம் மட்டும்தானா என்று அவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் குரலில் சூடு கூடுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினாறு வயதில் எங்கள் அணியின் நெட்டையன் நான்தான், ஐந்தடி பதினொன்று. பந்தை நிலத்தில் தட்டினால் சேர் கத்துவார். பாடசாலையை விட்டு வெளியே வந்து முதல் ஆட்டத்தில் என்னை மறித்தவன் என்னைவிட நாலங்குலம் உயரம். அன்றைக்கு வளையத்தைத் திரும்பிப் பார்த்தபோது, அது எனக்குப் பழக்கமில்லாத பொருளாக இருந்தது. இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் இல்லை.

பிளேன்ரீ குடித்த பயிற்றுநரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். பயிற்சியில் அரைமணி நேரம், உள்ளே போகிற பந்து ஒருதரமாவது வெளியே வந்த பிறகுதான் யாரும் எறியலாம் என்று வைத்துப் பாருங்கள். நெட்டையனும் வெளியே வந்து பந்தைத் தட்டட்டும். அவர் மறுக்கவில்லை. “நல்ல யோசினை. வலயமட்டம் முடியட்டும்” என்றார்.

வலயமட்டம் முடிந்தது. வென்றார்கள். போன கிழமை மறுபடி கண்டேன். மாகாணமட்டம் முடியட்டுமாம். அவருடைய நெட்டைப் பெடியனுக்கு வருகிற வருடம் உயர்தரப் பரீட்சை.