டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர்: மலைச்சாலையில் ஓடும் சிறிய காருக்கு ஏற்றது எது?

டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர் ஆகிய இரண்டும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவிகள் ஆகும். கூடுதல் காற்று புகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். அதனால் எஞ்சினின் அளவைப் பெரிதாக்காமலே அதன் விசை கூடுகிறது. இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பந்தயக் கார்களை வைத்தே விடை சொல்லப்படுகிறது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் தேவனூர் நாடு போன்ற ஊராட்சிகளில் வாழ்வோருக்கு அந்த விடை உதவாது. நோயாளியுடன் கீழே இறங்கவும், ஐந்து பேருடனும் மூட்டைகளுடனும் மேலே ஏறவும் அவர்களுக்கு ஒரே கார்தான். எனவே இக்கட்டுரை மலைச்சாலையையே உரைகல்லாகக் கொண்டு இரண்டையும் மதிப்பிடுகிறது.

செயல்படும் விதம்

சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பெல்ட் மூலம் இயங்குகிறது. எஞ்சின் சுழலத் தொடங்கியதும் அதுவும் சுழல்வதால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சுழற்றும் விசையை எஞ்சினே தர வேண்டும். கொடுக்கும் வரவில் ஒரு பகுதியை முன்கூட்டியே செலவாக எடுத்துக்கொள்ளும் கருவி அது.

டர்போசார்ஜர் வெளியேறும் புகையின் விசையால் சுழல்கிறது. வீணாகப் போகும் ஆற்றலின் ஒரு பகுதியை அது பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் போதிய புகை வந்து சக்கரம் வேகம் பிடிக்கும் வரை அழுத்தம் கிடைக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்த பின் ஏற்படும் இந்தத் தாமதமே 'டர்போ லேக்' எனப்படுகிறது.

இரண்டும் பழைய கருத்துகளே. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதி பின்னர் சூப்பர்சார்ஜராகப் பயன்பட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் டர்போசார்ஜருக்குக் காப்புரிமை பெற்றார்.

கொண்டை ஊசி வளைவு என்னும் தேர்வு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வேகம் வெகுவாகக் குறைகிறது. எஞ்சின் சுற்றும் விழுகிறது. வளைவு முடிந்த உடனே ஏற்றம் காத்திருக்கிறது. அந்தக் கணத்தில் தேவைப்படுவது உச்ச வேகம் அன்று. குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை.

இந்த இடத்தில் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜருக்கே முதல் மதிப்பெண். மையவிலக்கு வகைக்கு இது பொருந்தாது. அதன் அழுத்தம் சுற்று ஏறிய பிறகே உயரும். ஆகவே, 'சூப்பர்சார்ஜர் என்றாலே உடனடி இழுவை' என்பது பாதி உண்மையே.

உயரத்தைப் பொறுத்தவரை நிலை மாறுகிறது. மலையின் மேல் 1200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 11 விழுக்காடு குறைவு. சாதாரண எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே அளவு குறையும். சூப்பர்சார்ஜரின் வேகம் எஞ்சின் வேகத்துடன் கட்டுண்டிருப்பதால் அந்த இழப்பை அதனால் முழுவதும் ஈடுசெய்ய இயலாது. டர்போசார்ஜரோ கூடுதலாகச் சுழன்று அதன் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது.

ஒரகடம் சொல்லும் பாடம்

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையில் 2010 முதல் மைக்ரா என்னும் சிறிய கார் தயாரிக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் இங்கிருந்தே ஏற்றுமதியானது. ஐரோப்பிய வாங்குவோருக்கு 2011இல் சூப்பர்சார்ஜர் பொருத்திய 1.2 லிட்டர் மைக்ரா கிடைத்தது. மூன்று சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின் 98 குதிரைத்திறன் தந்தது. இந்தியாவில் அவ்வகை விற்கப்படவில்லை.

அந்த எஞ்சினில், சுமை குறைவாக இருக்கும்போது சூப்பர்சார்ஜரைத் துண்டித்துவிட ஒரு கிளட்ச் இருந்தது. பெல்ட்டின் சுமை எவ்வளவு பெரியது என்பதற்குத் தயாரிப்பாளர் தந்த ஒப்புதலாகவே இதைக் கொள்ளலாம். 2017இல் ஐரோப்பாவில் வந்த அடுத்த மைக்ராவில் 0.9 லிட்டர் டர்போ எஞ்சின் இடம்பெற்றது.

அதே ஒரகடத்தில் 2020இல் வெளிவந்த மேக்னைட் காரில் ஒரு லிட்டர் எஞ்சின் இரு வகைகளில் வந்தது. டர்போ இல்லாத வகை 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது. டர்போ வகை 100 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டரும் தந்தது. சிறிய காரில் டர்போசார்ஜர் ஏன் வென்றது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இந்தியாவில் வரிவிதிப்பும் இதற்குத் துணைநிற்கிறது. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 40 விழுக்காடு. வரி எஞ்சினின் அளவைப் பார்க்கிறது, திறனைப் பார்ப்பதில்லை.

கவனிக்கப்படாத எண்

டர்போ என்ற பெயர் மட்டும் போதுமானதன்று. மேக்னைட் கியர் வகையின் 160 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 2800 முதல் 3600 சுற்றுகளில் கிடைக்கிறது. 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூ ஒரு லிட்டர் டர்போவின் 172 நியூட்டன் மீட்டர் 1500 சுற்றிலேயே தொடங்குவதாக நிறுவனம் குறிப்பிட்டது. விளம்பரத்தில் பெரிதாக அச்சாவது இழுவிசை; மலைவாசிக்கு வேண்டியது அதன் அருகே சிறிதாக அச்சாகும் சுற்று எண். அது எவ்வளவு குறைவோ, வளைவில் அவ்வளவு நிம்மதி. சுற்று எண் உயர்வாக உள்ள காரிலும் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துச் சுற்றைத் தக்கவைத்தால் தாமதம் பெரிதும் குறையும்.

குறைகள்

முதல் குறை இறக்கத்தில் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தரும் தடுப்பு, பெட்ரோல் காரில் பெரும்பாலும் எஞ்சினின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் டர்போ ஏற்றத்தில் 1.5 லிட்டர் எஞ்சினைப் போல இழுக்கலாம். இறக்கத்தில் அது ஒரு லிட்டர் எஞ்சின்தான். முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால், வளைவுகள் தொடரத் தொடர பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும்.

இரண்டாவது, பராமரிப்பு. டர்போவின் சக்கரம் கடும் வெப்பத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அதன் உயிர் எண்ணெயில் இருக்கிறது. குறிப்பிட்ட தரத்தில், குறிப்பிட்ட காலத்தில் எண்ணெய் மாற்ற இயலாதவர் டர்போ வாங்காதிருப்பதே நல்லது. முழு ஏற்றம் முடிந்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதும் பயன் தரும்.

மூன்றாவது, வெளியில் சூப்பர்சார்ஜர் வாங்கிப் பொருத்தும் ஆசை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும்.

மதிப்பீடு

வளைவில் உடனடி இழுவை என்ற ஒன்றில் சூப்பர்சார்ஜர் முந்துகிறது. எரிபொருள், உயரம், வரி, கிடைக்கும் தன்மை ஆகிய மற்ற எல்லாவற்றிலும் டர்போசார்ஜரே மேலானது. எனவே கொல்லிமலையில் ஒருவர் முன் உண்மையில் நிற்கும் கேள்வி, டர்போவா சாதாரண எஞ்சினா என்பதே. வாரந்தோறும் முழுச் சுமையுடன் மலை ஏறி இறங்குவோருக்கு, குறைந்த சுற்றில் இழுக்கும் டர்போ கூடுதல் விலைக்குத் தகுதியானது. எப்போதாவது ஓரிருவருடன் ஏறுவோருக்குச் சாதாரண எஞ்சினும் சரியான கியரும் போதும். எதை வாங்கினாலும், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மலை வளைவில் ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுவது நன்று.