தறிச் சத்தம் கேட்காத படம்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் ஒரு மாணவர் என்னைத் தேடி வந்தார். ஆறாம் ஆண்டிலிருந்து சாதாரண தரம் வரை என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது பல்கலைக்கழகம் ஒன்றில் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பைக் கற்று வெளியேறியிருக்கிறார். இறுதியாண்டுச் செயற்றிட்டமாகத் தான் எடுத்த 14 நிமிடக் குறும்படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். முடிந்ததும், "சேர், இதப் பத்தி நீங்க எழுதணும். கதை, கவிதைக்கெல்லாம் எழுதுறீங்கதானே" என்றார்.

ஒப்புக்கொண்டேன். ஆனால், அவர் எதிர்பார்க்கும் விதத்தில் எழுத்து அமையாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவருடைய சம்மதத்துடனேயே இது அச்சுக்குப் போகிறது. அவர் பெயரையும் படத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

படம் ஒரு தாயைப் பற்றியது. கைத்தறியில் சாரம் நெய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய். நடித்தவர் அவருடைய சொந்த உம்மாதான். எடுத்த இடம் அவர்களுடைய வீடும், வளவுக்குள் கொட்டிலில் நிற்கும் தறியும். முதற் காட்சியில் கமரா கடலுக்கு மேலிருந்து ஊருக்குள் வருகிறது. தென்னை மரங்கள், பள்ளிவாசல் மினாரா, அதற்கப்பால் வாவிக்கு மேல் மறையும் சூரியன். ட்ரோனை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாராம். பிறகு தாயின் முகம், கண்ணில் நீர், மெதுவாக்கப்பட்ட அசைவு. தறி மூன்று தடவை வருகிறது. மூன்றையும் கூட்டினால் ஒரு நிமிடம் தேறாது. அந்த ஒரு நிமிடத்திலும் தறியின் சத்தம் இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை சோகமான வயலின்.

தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவன் நான். என் மூத்தம்மா நெய்தவ. மிதியை மிதிக்கும் சத்தம், நாடா ஓடும் சத்தம், பலகை வந்து அடிக்கும் சத்தம் மூன்றும் சேர்ந்து ஒரு தாளம். அந்தத் தாளத்துக்குள்தான் நாங்கள் வாய்ப்பாடு மனனம் செய்தோம். பாவு நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். அவ குனிந்து முடிச்சுப் போடும் வரைக்கும் வீடே ஒரு மாதிரி இருக்கும். பின்னேரத்தில் அடிக்கடி நின்றால் கண் மங்கிவிட்டது, வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இரவில் நெடுநேரம் நிற்காமல் கேட்டால் முதலாளி நாளைக்கு வரப்போகிறார் என்று அர்த்தம். தாயின் முகத்தைக் காட்டாமலே அவளுடைய பாட்டைச் சொல்லிவிடலாம். இது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர். நான்கு வருடம் படித்துவிட்டு வந்து கமராவைத் தூக்கியபோது அது எப்படி மறந்துபோனது என்பதுதான் எனக்கு முன்னாலிருக்கும் கேள்வி.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தை நான் பார்த்தது தொண்ணூறுகளில். சவூதியிலிருந்து வந்த ஒருவர் வீட்டு முற்றத்தில், டெக்கில் போட்டார்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை என்று பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் இருந்தேன். வாடகை வீட்டை விட்டு வெளியேற வேண்டிவந்த சுதா என்ற உத்தியோகப் பெண், தங்கை, பாட்டனார் முருகேசன் ஆகிய மூவருக்காக ஒரு சின்ன வீடு கட்ட முனைகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால், படம் பார்த்து முடித்தவனுக்கு ஒரு வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெரிந்துவிடும். கடன் எப்படி இழுபடும், அனுமதிக்கு யாருக்கு எவ்வளவு போகும், கொந்தராத்துக்காரன் சீமெந்தை எப்படிக் களவாக விற்பான், அதைக் காட்டிக்கொடுக்கும் சித்தாள் மங்கம்மா எதை இழக்கத் துணிகிறாள், எல்லாம் அதில் இருக்கிறது. முருகேசனாக வரும் சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியே புறப்பட்டுப் போய், உள்ளே நடந்து திரியும் காட்சியை யாரும் மறக்கமாட்டார்கள். அங்கும் இசை இருக்கிறது. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். எனவே, வயலினைக் கண்டாலே குறை சொல்லும் ஆள் அல்லன் நான். அந்த இசை வரும்போது செங்கல்லையும் மணலையும் நாம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்திருக்கிறோம். கிழவர் தொடும் சுவரின் விலை நமக்குத் தெரியும். மாணவரின் படத்திலோ சாரத்தின் விலை தெரியவருமுன்னரே அழச் சொல்கிறார்கள்.

கடைசியில் அந்தக் காணியே தண்ணீர் வாரியத்தின் சுவீகரிப்புக்குள் வந்துவிடுகிறது. காணி சுவீகரிப்பு என்றால் என்னவென்று நம் பகுதியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

'வீடு' எடுத்தவர் நமது அயலூரார். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். கித்துள்கலையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) படப்பிடிப்பைப் பள்ளிச் சிறுவனாகப் பார்த்ததும், டேவிட் லீன் சொன்னவுடன் மழை பெய்ததும்தான் தன்னைச் சினிமாவுக்குள் தள்ளின என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொழும்பில் வேலை பார்த்தபோது 'தேனருவி' என்ற இலக்கியச் சஞ்சிகையோடு தொடர்புற்றிருந்தார். 1966இல் பூனா திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தது நெறியாள்கைக்கு. அதற்கு இடம் கிடைக்கவில்லை, ஒளிப்பதிவுதான் கிடைத்தது. விரும்பிய பாடம் கிடைக்காமல் கிடைத்த பாடத்தைப் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. 1969இல் வெளியேறினார். ராமு காரியட்டின் 'நெல்லு' (1974) மலையாளப் படத்தில் ஒளிப்பதிவாளராக அறிமுகமானார். பிறகு கன்னடத்தில் 'கோகிலா' (1977). தமிழுக்கு வர 1978 ஆயிற்று.

அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது? 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளவில் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சிப் பயிற்சி முதலில் டில்லியில் நடந்து, 1974இல்தான் பூனாவுக்கு வந்தது. அறுபதுகளின் நடுப்பகுதியில் ரித்விக் கட்டக் அங்கே சில காலம் துணை அதிபராக இருந்தார். அவர் மரத்தடியில் உட்கார்ந்து மாணவர்களோடு பேசிய கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. சதீஷ் பகதூர் என்ற பேராசிரியர் 'பதேர் பாஞ்சாலி'யைக் காட்சி காட்சியாக நிறுத்தி, மாணவர்களுக்கு மனப்பாடமாகும் அளவுக்குக் கற்பித்தார். 1964இல் அதே நகரில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் அலைந்து திரிந்து சேர்த்த படச்சுருள்கள் பலவற்றை அந்த மாணவர்கள் பார்த்தார்கள். கமரா, ஒலி, படத்தொகுப்பு, நெறியாள்கை என்று வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்துதான் பயிற்சிப் படம் எடுக்கவேண்டும். ஒருவன் எடுத்ததை மற்றவன் வெட்டுவான், அதில் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாதிப் படிப்பு என்று நான் நினைக்கிறேன்.

ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால், கேரளத்தின் கொல்லம் மாவட்டக் கிராமமொன்றிலிருந்து போன ரசூல் பூக்குட்டி 1995இல் அங்கிருந்து வெளியேறியவர். 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009இல் ஒஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டார். சத்தம் தனியே கற்கவேண்டிய ஒரு கலை என்பதை அந்தச் செய்தி வந்த நாளில்தான் நம்மில் பலர் அறிந்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் மாணவரிடம் சொன்னபோது அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சேர், நீங்க சொல்றது சரி. ஆனா, எங்கட பெட்சுக்கே இருந்தது ரெண்டு கமரா. ஒண்டு பழுது. படத்தொகுப்ப நாங்க கொப்பியில எழுதித்தான் பாடமாக்கினம். சோதினையில வரைவிலக்கணம் கேப்பாங்க. மைக் எண்டு ஒண்ட நான் கையில புடிச்சது கலியாண வீட்டிலதான்."

இப்போது அவருடைய வருமானம் கலியாண வீடியோதான். ட்ரோன் அங்கிருந்து வந்ததுதான் என்பதை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன். பட்டம் பெற்றவனை வைத்து ஊர் எதைச் செய்விக்கிறதோ அது அவனுடைய படத்துக்குள்ளும் வந்துவிடும்.

ஆகவே, குற்றம் பல்கலைக்கழகத்தின் தலையில் என்று எழுதி முடித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன். இரவில் திரும்ப வாசித்தபோது அந்த முதற் காட்சி எனக்கு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. கடல், தென்னை, மறையும் சூரியன். அலுமாரியில் நான் பாதுகாத்து வைத்திருக்கும் மாணவர் கட்டுரைக் கொப்பிகளைத் தேடி எடுத்தேன். அவருடைய ஒன்பதாம் ஆண்டுக் கொப்பி இருந்தது. தலைப்பு, 'எனது தாய்'. மேற்கு வானம் சிவந்திருக்கிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன, அதற்குப் பிறகுதான் தாய் வருகிறாள். தறி ஒரேயொரு வசனத்தில். ஓரத்தில் என்னுடைய சிவப்பு மையில், 'சிறந்த வர்ணனை'. இருபதுக்குப் பதினேழு.

தறி வந்த வசனத்தின் கீழ் நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. கலாசாலையில் எங்களுக்குக் கட்டுரை கற்பித்தல் சொல்லித்தந்தபோதும் தொடக்கம் கவர்ச்சியாக இருக்கவேண்டும் என்றுதான் சொன்னார்கள். அதை அப்படியே பிள்ளைகளிடம் இறக்கினேன். அந்தச் சூரியன் மறைவதற்கு ட்ரோன் தேவையாயிருக்கவில்லை. ஒன்பதாம் ஆண்டிலேயே நான் அதை மறைய வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நமது எழுத்தாளர் மத்தியில் சினிமா என்றால் ஒருவகை இளக்காரம் உண்டு. மார்க்கத்தின் பெயரால் தயங்குபவர்களை நான் குறைசொல்லவில்லை, அது வேறு விவாதம். தயக்கமே இல்லாமல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப்படம் பார்ப்பவர்களும் அதைப்பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. பாலு மகேந்திரா சண் தொலைக்காட்சியில் 'கதைநேரம்' தொடரில் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட கதைகள். அவசரத்தில் எடுத்தவை அவற்றில் உண்டு. சில, நடிகர்கள் கதையை ஒப்புவிப்பதுபோலவே இருக்கும். ஆனாலும், ஒரு சிறுகதையில் எதை விட்டால் படமாகும் என்பதைக் கற்க அதைவிட நல்ல பாடநூல் தமிழில் கிடையாது. சிறுகதைக்காரர்களான நாம் அப்போது அதை உட்கார்ந்து விவாதித்திருக்க வேண்டும். விவாதிக்கவில்லை. அப்படியொரு விவாதம் இருந்திருந்தால் இந்த மாணவர் விமர்சனம் கேட்டு ஒரு தமிழ் வாத்தியாரிடம் வந்திருக்கவேண்டிய அவசியமில்லை.

பாலு மகேந்திராவிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2014இல் காலமாகும் வரை அவர் எடுத்த முழுநீளப் படங்களில் ஒன்றுகூட மட்டக்களப்பு மண்ணில் நிகழவில்லை. 'மூன்றாம் பிறை'யில் (1982) கதைக்கு வேண்டாத ஆட்டத்துக்கு இடமிருந்தது, வாவிக்கு இடமிருக்கவில்லை. அவருக்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கும். நாடு இருந்த நிலையையும் நாமறிவோம். ஆனாலும், பூனாவில் கற்ற அந்தக் கண் ஊருக்குத் திரும்பி வரவில்லை. நமது மாணவர் திரும்பி வந்திருக்கிறார். சொந்த உம்மாவை, சொந்தத் தறியை, சொந்தக் கொட்டிலை எடுக்கத் துணிந்திருக்கிறார். அவருடைய படத்தின் பலமென்று நான் சொல்லக்கூடியது இதுதான், இது சிறிய விடயமுமல்ல. நடுவில் ஒரு காட்சி: உம்மா நெய்து முடித்த சாரத்தை மடித்து வைத்துவிட்டு, கமரா இருப்பதை மறந்து, விரலால் கரையை ஒருதரம் நீவிப் பார்க்கிறா. நான்கு செக்கன். அது நடிப்பல்ல. வெட்டும்போது அதை விட்டுவைக்கத் தெரிந்த கை ஒரு நெறியாளனின் கை.

சென்ற கிழமை அவர் கைத்தொலைபேசியில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். படம் இல்லை, சத்தம் மட்டும், ஆறு நிமிடம். தறி ஓடுகிறது. இடையில் ஒரு கோழி, தூரத்தில் மோட்டார் சைக்கிள். நான்காவது நிமிடத்தில் தறி நிற்கிறது. "வெளிச்சத்த மறைக்காத மகன்" என்று உம்மாவின் குரல். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும் தறி.