விண்வெளியில் அச்சம்: ‘ஏலியன்’ திரைப்படம் பற்றிய ஒரு மதிப்பீடு

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. எனினும் அழுகையும் பெருமிதமும் உவகையும் இலக்கிய ஆராய்ச்சியில் பெற்றுள்ள இடத்தை அச்சம் பெற்றிலது. அச்சம் ஒன்றையே பொருளாகக் கொண்ட திரைப்படங்களோ ஆராய்ச்சிக்கு உரியனவாகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. காண்போரைத் திடுக்கிடச் செய்து காசு ஈட்டும் முயற்சி என்று அவற்றை ஒதுக்குதல் எளிது. ஆயின் திடுக்கீடு வேறு, அச்சம் வேறு. திடுக்கீடு ஒலி அடங்கியதும் மறைவது. அச்சமோ பொருள் உணர்ந்து தோன்றுவது; அப்பொருள் நெஞ்சில் உள்ளவரை நிலைப்பது. இவ்வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டு, 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏலியன்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிட்லி ஸ்காட் இயக்கிய இப்படத்தின் திரைக்கதையை எழுதியவர் டேன் ஓபானன். கதை சிறிது. ‘நாஸ்ட்ரோமோ’ என்பது 2 கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு மண்ணுலகு நோக்கி மீளும் ஒரு விண்கலம். அதில் எழுவர் உளர். பூனை ஒன்றும் உண்டு. நீள்துயிலில் ஆழ்ந்திருக்கும் எழுவரையும் ‘தாய்’ எனப் பெயரிய கணிப்பொறி இடைவழியில் எழுப்புகிறது. அறியாத கோள் ஒன்றிலிருந்து எழும் குறிப்பொலியே அதற்குக் காரணம். அதனை ஆராயச் சென்ற மூவருள் கேன் என்பானின் முகத்தை ஓர் உயிர் பற்றிக்கொள்கிறது. பின்னர் அவன் மார்பைப் பிளந்துகொண்டு மற்றோர் உயிர் பிறக்கிறது. விரைந்து வளர்ந்து, கலத்தில் உள்ளாரை ஒருவர்பின் ஒருவராக அழிக்கிறது. ரிப்ளி என்னும் பெண்ணும் அப்பூனையுமே உயிர் தப்புகின்றனர்.

இக்கதை முற்றும் புதிதன்று. செவ்வாயினின்று மீளும் கலத்துள் கொடிய உயிரொன்று மறைந்து வருவதை 1958-ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் ஒன்று முன்னரே காட்டிற்று. ஆகலின் இப்படத்தின் சிறப்பைக் கதையில் தேடுதல் பயனின்று. அச்சத்தை அடுக்கிய முறையிலேயே தேடுதல் வேண்டும்.

அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்பது தொல்காப்பியர் கொள்கை. இப்படத்தை ஆக்கியோர் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். அந்நூல் ஈண்டு அளவுகோலேயன்றி மூலம் அன்று. எனினும் அவ்வளவுகோல் கொண்டு நோக்குங்கால், நான்கும் இப்படத்தில் முறையாக அமைந்துள்ளமை புலனாகின்றது.

முதற்பகுதியில் மேலோங்கி நிற்பது அணங்கு. சுவிட்சர்லாந்து நாட்டு ஓவியர் கீகர் வடிவமைத்த பாழ்பட்ட கலமும், அதனுள் இருக்கையோடு இருக்கையாய் இறுகிக் கிடக்கும் பேருடலும் மருட்கையில் தொடங்கி அச்சத்தில் முடிகின்றன. அஃது எவ்வினத்தது, எங்ஙனம் மாய்ந்தது என்பன கூறப்படவில்லை. கூறாமையே அதன் வலிமை. அடுத்து வருவது விலங்கு. கேன் நலம்பெற்றான் என மகிழ்ந்து அனைவரும் உண்டு நகைத்திருக்கும்போதே அவன் மார்பு பிளக்கின்றது. உவகையின் உச்சியிலே அச்சத்தை வைத்த இவ்வமைப்பு, காட்சியின் கொடுமையினும் சிறந்தது.

மூன்றாவதாகிய கள்வர் என்பதற்கு ஆஷ் என்னும் அறிவியல் அலுவலன் எடுத்துக்காட்டு. முகத்தில் உயிர் பற்றிய நிலையில் கேனைக் கொணர்ந்தபோது, தொற்றுத் தடுப்பு விதியைக் காட்டி ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறாள்; ஆஷ் திறந்துவிடுகிறான். காண்போர் அவளை வன்னெஞ்சினள் என்றும் அவனை இரக்கமுடையவன் என்றும் கருதுவர். பின்னர் அவன் மனிதனே அல்லன், மனித உருவில் செய்யப்பட்ட பொறி என்பதும், அவ்வுயிரைக் கலத்துள் கொணர்தலே அவன் கருத்து என்பதும் வெளிப்படுகின்றன. இரக்கம் எனத் தோன்றியது ஏவல். வன்மை எனத் தோன்றியது அறம். காண்போரின் தீர்ப்பையே தலைகீழாக்கும் இத்திருப்பம் படத்தின் மிக நுண்ணிய பகுதி என்க.

இம்மூன்றையும் விஞ்சி நிற்பது நான்காவதாகிய இறை. இறை என்பது ஈண்டுத் தம்மின் மேலாய் நின்று தம்மை ஆளும் தலைமையைக் குறிக்கும். படத்தின் தொடக்கத்திலேயே பார்க்கர், பிரெட் என்னும் பொறிப்பணியாளர் இருவரும் தம் பங்குத் தொகை குறைவென முறையிடுகின்றனர். குறிப்பொலியை ஆராயாது விடுப்பின் பங்கு முழுதும் இழக்க நேரும் என்று ஒப்பந்தம் காட்டி அவர்கள் வாய் அடைக்கப்படுகிறது. நகைப்பிற்குரிய சிறு பூசலாகத் தோன்றிய இது, பின்னர்ப் பொருள் மிகுகின்றது. அவ்வுயிரைக் கொணர்க, குழுவினர் அழியினும் அழிக என்பதே நிறுவனத்தின் மறை ஆணை என்று ரிப்ளி அறிகிறாள். அவ்வாணையைத் தன்னுள் மறைத்திருந்த பொறியின் பெயர் ‘தாய்’ என்பது கொடிய முரண். நிறுவனத்தார் ஒருவரும் திரையில் தோன்றுவதில்லை. முகம் இல்லாத தலைமையிடம் முறையிடுதலும் இயலாது, சினத்தலும் இயலாது, அஞ்சுதலே எஞ்சும். 1986-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கேமரன் இயக்கிய தொடர்ச்சிப் படம் அந்நிறுவனத்திற்கு பர்க் என்பான் வடிவில் ஒரு முகம் தந்தது. தந்தவுடன் அச்சம் நீங்கி வெகுளி புகுந்தமை இக்கருத்தை வலியுறுத்தும்.

குறை இல்லாத படம் அன்று இது. மறை ஆணை வெளிப்பட்டபின் கதை மீண்டும் துரத்தலுக்கே திரும்புகின்றது. சுழலும் விளக்கு, அலறும் ஒலி, தப்பிய சிறுகலத்துள்ளும் அவ்வுயிர் ஒளிந்திருத்தல் ஆகியன திடுக்கீட்டின்பாற் படுவன. அச்சத்தை வளர்ப்பன அல்ல. ஆயினும் அப்பகுதியில் ஒன்று போற்றத்தக்கது. கலம் வெடிக்கும் காலம் நெருங்கவும் ரிப்ளி பூனையைத் தேடிச் சுமந்து வருகிறாள். இது கதையை நீட்டும் உத்தி என்பார் உளர். எழுவர் உயிரையும் பொருட்படுத்தாத ஆணைக்கு, ஒரு சிற்றுயிரையும் கைவிடாத செயல் விடையாகின்றது என்பதே பொருத்தம்.

பாடவேறுபாடு ஒன்றும் கருதத்தக்கது. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில், கலத்தலைவன் டல்லஸ் கூடுபோன்ற பொதியில் சிக்கி, தன்னைக் கொன்றுவிடுமாறு வேண்டும் காட்சி சேர்க்கப்பட்டது. துன்பம் மிக்கதே எனினும், அஃது ஓட்டத்தைத் தடுக்கின்றது. மறைந்திருத்தற்குரிய உயிரின் இயல்பை விளக்கியும் விடுகின்றது. ஆதலின் 1979-ஆம் ஆண்டுப் பாடமே சிறந்தது.

விண்வெளி மிகத் தொலைவு, அவ்வுயிரோ கற்பனை. ஆயின் உழைப்பாரை உயிரென எண்ணாது செலவுக் கணக்கில் வைக்கும் தலைமை கற்பனையன்று. அணங்கும் விலங்கும் திரையோடு ஒழிய, இறைபற்றிய அச்சம் காண்பாரோடு இல்லம் வரை செல்கின்றது. அச்சப்படங்களை ஆராய்வார், எத்துணை முறை திடுக்கிட்டோம் என்று எண்ணாது, எதன்கண் அஞ்சினோம் என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தரும் படங்களுள் ‘ஏலியன்’ முன்வரிசையில் வைத்து எண்ணத்தகும்.