மஹ்ஜர் கவிஞர்களும் அவர்தம் மக்களும்

அரபு இலக்கிய வரலாற்றைப் பயில்வோர் 'அதபுல் மஹ்ஜர்' என்னும் பகுதியை அடையும்போது சற்று நின்று மகிழ்வது வழக்கம். நாமும் அவ்வாறு மகிழ்ந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லெபனான் மலைநாட்டிலிருந்தும் சிரியாவிலிருந்தும் அமெரிக்க நாடுகளுக்குக் குடிபெயர்ந்த அரபுகள் படைத்த இலக்கியம் அது. அவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 'மஹ்ஜர்' என்னும் சொல், 'ஹிஜ்ரத்' பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது. குடிபெயர்ந்து சென்ற இடம் என்று பொருள்படும். அவ்வேருக்குக் 'கைவிடுதல்' என்னும் பொருளும் உண்டு. அவர்கள் எதைக் கைவிட்டார்கள், எதைக் காத்தார்கள் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து மட்டும் எழவில்லை. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மேலைநாட்டிலிருந்து விடுமுறையில் ஊர் வந்தபோது தம் மகனை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். சிறுவன் யாஸீன் சூராவைத் தஜ்வீது பிசகாமல் ஓதினான்; நம் உள்ளம் குளிர்ந்தது. பின்னர், "உங்கள் பாட்டியார் உங்களிடம் என்ன பேசினார்கள், தம்பி?" என்று வினவினோம். அவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். தந்தை நம் வினாவை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். அன்றிரவு மஹ்ஜர் நூல்களை மீண்டும் எடுத்துப் புரட்டினோம்.

அவர்களின் சாதனையை முதலில் கூறிவிடுவோம். நியூயார்க் நகரில் 1892இல் 'கவ்கபு அமெரிக்கா' என்னும் அரபு இதழ் தோன்றியது. 1912இல் அப்துல் மஸீஹ் ஹத்தாத் 'அஸ்ஸாயிஹ்' என்னும் இதழைத் தொடங்கினார். 1920இல் அந்நகரில் 'அர்ராபிதத்துல் கலமிய்யா' என்னும் எழுத்தாளர் கழகம் முறையாக அமைந்தது. கலீல் ஜிப்ரான் அதன் தலைவர். மீகாயீல் நுஐமா, ஈலியா அபூமாளீ, நஸீப் அரீளா முதலியோர் உறுப்பினர்கள். பகற்பொழுதில் பிழைப்புக்காக உழைத்து, இரவில் அரபில் எழுதியவர்கள் அவர்களுள் உண்டு. அவர்களின் கவிதை கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் புதுக்காற்றாய் வீசியது. பிறநாட்டில் இருந்துகொண்டே தாய்நாட்டு இலக்கியத்தின் போக்கை மாற்றியமை எளிய செயலன்று.

மொழியில் அவர்கள் கொண்ட துணிவுக்குச் சான்று ஒன்று. 1919இல் வெளிவந்த 'அல்மவாகிப்' என்னும் நெடுங்கவிதையில், 'நீராடினான்' என்பதற்கு வழக்கிலுள்ள 'இஸ்தஹம்ம' என்னும் வினையை விடுத்து 'தஹம்மம' என்னும் வடிவத்தை ஜிப்ரான் ஆண்டார். இலக்கணிகள் சீறினர். நுஐமா 1923இல் வெளியிட்ட 'அல்கிர்பால்' என்னும் திறனாய்வு நூலில் நண்பருக்காக வாதாடினார். பெயர் தெரியாத பாலைவனவாசி ஒருவன் சொல்லைப் படைக்கலாம், நாமறிந்த கவிஞர் படைக்கலாகாதா என்பது அவர் வாதத்தின் சாரம். அந்நூலுக்கு முன்னுரை எழுதிய அக்காதே இதில் அவருடன் முழுதும் உடன்படவில்லை. ஸர்ஃபு, நஹ்வு கற்பித்தே முடி நரைத்த நாம் இளமையில் அக்காதின் பக்கமே நின்றோம். இன்று நமக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு மொழியில் புதுச்சொல் ஆக்கத் துணிபவன் அம்மொழியைத் தன் வீடாகக் கருதுகிறான். நூதனப் பொருளைத் தூசு தட்டிப் பேழைக்குள் வைப்பவனுக்கு அத்துணிவு வருவதில்லை.

இனி, குறையை நோக்குவோம். இக்கவிதைகளில் பேசப்படுவோர் யாவர்? தாய்நாட்டு மலைகள், பிரிந்த தாயார், உறங்கும் கீழ்த்திசை, ஆன்மா, காடு, கடல். முதல் உலகப் போரின்போது லெபனான் மலைநாட்டில் பஞ்சத்தால் மக்கள் மடிந்தபோது அவர்கள் வடித்த கண்ணீர் உண்மையானது. ஆயினும், நியூயார்க்கின் வாஷிங்டன் வீதியில் அவர்கள் குடியிருப்பிலேயே வளர்ந்த சிறுவர் சிறுமியரைத் தேடினால் அரிதாகவே காண்கிறோம். குடியேறியோரின் அன்றாட வாழ்வைக் கதையாக்கிய ஹத்தாதின் 'ஹிகாயாத்துல் மஹ்ஜர்' (1921) பாராட்டத்தக்க விதிவிலக்கு. தலைச்சுமை வணிகரின் நிலவறை வாழ்வை அமீன் ரைஹானீ தம் 'காலிதின் நூல்' என்னும் புதினத்தில் (1911) தீட்டினார். அதையோ ஆங்கிலத்தில் எழுதினார்.

கவிஞர் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்பதில்லையே என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமே. ஆனால் காலம் விடுத்த தீர்ப்பைப் பாருங்கள். 1924ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் அமெரிக்காவுக்குப் புதிதாய் வருவோர் தொகையை மிகச் சிறிதாக்கிவிட்டது. ஊரிலிருந்து புதிய வாசகர் வருவது நின்றது. எஞ்சியோர் அங்குப் பிறந்த மக்களே. அவர்களுக்காக 1926இல் ஸல்லூம் முகர்ஸல் 'சிரிய உலகம்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அது ஆங்கில இதழ். அதன் முதல் இதழிலேயே, சிரிய வழித்தோன்றல்களான அமெரிக்க இளைஞர்களை விளித்து ஜிப்ரான் ஒரு செய்தி வரைந்தார். மூதாதையர் நாட்டை எண்ணிப் பெருமிதம் கொள்ளுங்கள், வாழும் நாட்டுக்கும் நற்குடிமக்களாய்த் திகழுங்கள் என்பது அதன் கருத்து. உயர்ந்த கருத்து, ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது! பெய்ரூத்தின் மாணவர்கள் நெட்டுருச் செய்த ஜிப்ரானின் அரபு உரைநடையை அடுத்த தெருவின் சிறுவன் படிக்க இயலாதவனானான். 1931இல் ஜிப்ரான் மறைந்தார். அவர் உடல் பிறந்த ஊரான பிஷர்ரீக்குச் சென்றது. 1932இல் நுஐமா தாயகம் திரும்பினார். கழகம் கலைந்தது. அபூமாளீ 1929இல் தொடங்கிய 'அஸ்ஸமீர்' அவர் மறைந்த 1957ஆம் ஆண்டோடு நின்றது. ஒரு தலைமுறைக்குள் அங்கு அரபு இலக்கியம் ஒளி குன்றியது.

அவ்வாறெனில் கரைந்து போவதுதான் விதியோ? வரலாறு வேறு வழியும் காட்டுகிறது. அந்தலுஸில் அரபுகள் நூற்றாண்டுகள் நிலைத்தனர். அங்கு மலர்ந்த 'முவஷ்ஷஹ்' என்னும் பாவகையின் இறுதி அடிகளில் அந்நாட்டு மக்களின் ரோமானிய மொழிச் சொற்களும் சில வேளை இடம்பெற்றன. அயல்மொழியை வாயிலிலேயே நிறுத்தாது முற்றத்தில் அமரச் செய்தனர். 1933இல் பிரேசிலின் சாவோ பாலோவில் கூடிய மஹ்ஜர் கவிஞர்கள் தம் கழகத்திற்கு 'அல்உஸ்பத்துல் அந்தலுஸிய்யா' என்று பெயர் சூட்டியதில் பொருத்தம் உண்டு.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? நம் கடற்கரை ஊர்களிலேயே அரபுத் தமிழ் பிறக்கவில்லையா? நாவில் தமிழ், எழுத்தில் அரபு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் எழுதிய நூல்கள் மதரஸாக்களில் மட்டுமன்றி வீடுகளிலும் பெண்டிர் கைகளிலும் திகழ்ந்தன. நூல் அடுப்படி வரை சென்றது; ஆகவே தலைமுறைகள் கடந்து நின்றது. பிள்ளைகள் பேசும் மொழியை வெறுக்காமல், அதனுள்ளேயே தம் செல்வத்தை வைத்தனர் நம் முன்னோர். மஹ்ஜர் கவிஞர்கள் ஊர்நினைவைக் காத்தனர். அதைத் தம் மக்களிடம் ஒப்படைக்கும் பாத்திரத்தை வனையவில்லை. இதுவே அவர்களைப் பற்றிய நம் முடிவு. அவர்தம் கவிதையின் அருமையை இது குறைக்காது. அவ்வருமையே நம் வருத்தத்தை மிகுவிக்கிறது.

விடைபெறும்போது நம் மாணவர், "ஹஜ்ரத், இவனை ஊரிலேயே விட்டுச் செல்லட்டுமா?" என்று கலங்கிக் கேட்டார். வேண்டாம் என்றோம். பெற்றோரைப் பிரிந்து கற்கும் மொழி கசப்பாகிவிடும். வாரம் ஒருமுறை பாட்டியாரிடம் தொலைபேசியில் அவன் தானே பேசட்டும், தடுமாறிப் பேசட்டும், நீங்கள் இடையில் பெயர்த்துச் சொல்லாதீர்கள் என்று கூறினோம். சென்ற மாதம் அவனிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. நான்கே வரிகள், தமிழில். 'ழ' வர வேண்டிய இடங்களிலெல்லாம் 'ல' இருந்தது. இலக்கணம் கற்பிக்கும் நாம் அதைத் திருத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி, 'அல்கிர்பால்' நூலின் பக்கங்களுக்கிடையே பத்திரமாக வைத்துள்ளோம்.