தேவமோகினியின் கை

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சின்னக் கோட்டைக்குள் ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1779இல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம், ஆங்கிலேயச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஸ்வார்ட்ஸ் ஐயரின் கையை இரண்டாம் சரபோஜி பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசிவரை இந்துவாகவே இருந்த ஒரு ராஜா, தன்னைத் தகப்பன்போலப் பார்த்துக்கொண்ட பாதிரியாருக்காகச் செய்யச் சொன்ன சிற்பம். போன முறை போனபோது அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், வேதநாயகம் சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் ஒருவர் இன்னொருவர் கையைப் பிடிக்கிறார்.

சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து வளர்த்தார். பிறகு அங்கேயே ஆசிரியர், சரபோஜியின் ஆதரவு பெற்ற புலவர். எங்கள் பக்கத்துச் சபைகளில் அவர் கீர்த்தனை இல்லாமல் கிறிஸ்துமஸ் விடியாது. என் அப்பாயி விடிகாலை நாலு மணிக்கு ஜெபத்துக்கு உட்காரும்போது முதலில் வருவது சாஸ்திரியார் பாட்டுதான். "இது படிச்சுப் பாடுறது இல்லடா, பேசுறது" என்பாள்.

பெத்லகேம் குறவஞ்சி 1800ஐ ஒட்டி எழுதப்பட்டது. குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். தலைவன் உலா வருகிறான், தலைவி பார்க்கிறாள், காதல் நோயில் விழுகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். சாஸ்திரியாரிடம் தலைவன் பெத்லகேம் நாதரான கிறிஸ்து. தலைவி தேவமோகினி, சீயோனின் மகள், அதாவது திருச்சபை. மிஷன் பள்ளியில் அவர் படித்தது கேள்வி-பதிலாக மனப்பாடம் செய்யும் ஞானோபதேசம். ஆனால் கவிதை எழுத உட்கார்ந்தபோது, விசுவாசத்தை ஒரு பெண்ணின் தவிப்பாகத்தான் அவரால் எழுத முடிந்தது. பக்தி என்றால் உறவு என்று ஆழ்வார்களிடமிருந்து இந்த மண்ணுக்குத் தெரிந்த விஷயம்தான். அதைக் கிறிஸ்துவத்துக்குள் இவ்வளவு இயல்பாகக் கொண்டுவந்தவர்கள் குறைவு.

இப்போது குறத்தி வரும் இடத்தை யோசித்துப் பாருங்கள். தலைவி உயர்குடிப் பெண். குறத்தி மலையிலிருந்து கூடையோடு இறங்கி வருகிறவள். வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவள். அவளிடம் தலைவி கையை நீட்டுகிறாள். குறத்தி அதைப் பிடித்துப் பார்த்துத் தலைவனின் செய்தியைச் சொல்கிறாள். அந்தத் தொடுகை இல்லாவிட்டால் குறவஞ்சியே கிடையாது. நற்செய்தி கீழே இருப்பவள் வாயிலிருந்து வருகிறது, மேலே இருப்பவள் அதை வாங்கிக்கொள்கிறாள்.

இதை எழுதிய அதே சாஸ்திரியார் 1829இல் இன்னொன்றும் எழுதினார். பெயர் 'சாதி திருத்தலின் பயித்தியம்'. ஸ்வார்ட்ஸ் காலத்தில் தஞ்சாவூர் ஆலயத்தில் வெள்ளாளர்களும் பறையர்களும் தனித்தனிப் பக்கங்களில் உட்கார்ந்தார்கள். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் அந்தப் பிரிவினை கூடாது என்றார்கள். வெள்ளாளரான சாஸ்திரியார் எதிர்த்தார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

சாஸ்திரியாருக்கு நியாயமான கோபமும் இருந்தது. அந்த மிஷனரிகள் பழகிய வேதாகமத் தமிழை மாற்றினார்கள், தமிழ் இசைக்கும் பூமாலைக்கும் தடை போட்டார்கள். ஒரு கவிஞனுக்கு வலிக்காதா? ஆனால் அவர் இசை, பூ, சாதி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எங்கள் வழக்கம்' என்று தலையில் வைத்துக்கொண்டார். மூடநம்பிக்கைகளைக் கிழிகிழியென்று கிழித்து 'சாஸ்திரக் கும்மி' எழுதியவருக்கு இந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பழைய மிஷனரிகளும் சுத்தமில்லை. தஞ்சாவூர் ராஜாவின் படையில் ராஜநாயக்கன் என்றொரு சேர்வைக்காரர் இருந்தார். பறையர். தரங்கம்பாடி மிஷன் மொழிபெயர்ப்பில் சுவிசேஷங்களைப் படித்து மனம் மாறி, உபதேசியாராகி, தஞ்சை நாட்டில் சபைகளைக் கட்டியவர். 1741இல் ஒரு தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்யும் வாய்ப்பு வந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை, தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கையிலிருந்து நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்று மிஷனரிகளே முடிவு செய்தார்கள்.

சாஸ்திரியாரைப் பற்றி நம்மிடம் இரண்டு வகை எழுத்துதான் உண்டு. சபை மலர்களில் அவர் சுவிசேஷக் கவிராயர், 1829 காணாமல் போய்விடும். இன்னொரு பக்கம் 1829 மட்டும் இருக்கும், குறவஞ்சியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: தாழ்மை என்பதை அவர் கடவுளுக்கு முன்னால் மட்டும் பழகினார். கவிதையில் தேவமோகினி குறத்தியிடம் கை நீட்டினாள். ஆலயத்தில் அந்தக் கை மடங்கிக்கொண்டது. அவர் எடுத்துக்கொண்ட வடிவத்துக்குத் தெரிந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

கொடுப்பதில் தாழ்மை சுலபம். வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல். ராஜநாயக்கனுக்குப் பைபிள் கொடுக்க யாரும் கூசவில்லை. அவர் கையிலிருந்து அப்பத்தை வாங்கத்தான் கூசினார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே, செத்தவர்களைச் சாதியால் பிரிக்கும் சுவர் இந்த நூற்றாண்டிலும் சர்ச்சையாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன். அப்பாயி தினமும் ஜெபத்தில் எங்கள் வயலில் வேலை பார்த்தவரின் பெயரைச் சொல்வாள். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அழுதுகொண்டே முழங்காலில் நிற்பாள். அது பொய் இல்லை. அவருக்குத் தனி டம்ளர் கொல்லைப்புறத்து மாடத்தில் இருந்ததும் பொய் இல்லை. அவர் வீட்டில் அப்பாயி ஒரு வாய் தண்ணீர் குடித்ததே கிடையாது. ஒருமுறை அவர் மனைவி பொங்கலுக்கு ஒரு தூக்கில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாயி சிரித்த முகமாக வாங்கி வைத்தாள். சாயங்காலம் அது மாட்டுக்குப் போனது. எனக்கு அப்போது பத்து வயது. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் சாஸ்திரியார் பாட்டைப் பாடுவேன். அவ்வளவு நல்ல பாட்டு. பாடும்போது அந்தத் தூக்கு ஞாபகம் வரும், வரட்டும்.